சின்க்ரோனிசாதா: சீஸ் உருகுவதற்குள் டோர்ட்டியா ஏன் கருகுகிறது?

இரண்டு டோர்ட்டியாவுக்கு (கோதுமை அல்லது சோள மாவில் சுடும், சப்பாத்தி போன்ற ரொட்டி) நடுவில் ஹாமும் (பதப்படுத்திய பன்றி இறைச்சி) சீஸும் வைத்துச் சுடும் மெக்சிகோ சிற்றுண்டியைச் செய்து பார்த்ததாகவும், வெளியே கருகிப்போய் உள்ளே சீஸ் பாதிதான் உருகியதாகவும், வெட்டினால் ஹாம் ஒரு பக்கம் டோர்ட்டியா ஒரு பக்கம் என்று பிரிந்து வந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். எந்த சீஸ் வாங்குவது, தீயை எவ்வளவு வைப்பது, இதற்குப் பெயர் கெசடீயாதானா என்றும் கேட்டிருந்தீர்கள். கேள்விகள் பல, ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பண்டத்தை ஒன்றாகப் பிடித்து வைப்பது எது? சீஸ்தான். ஹாம் எதோடும் ஒட்டாது, டோர்ட்டியாவும் டோர்ட்டியாவும் தாமாக ஒட்டிக்கொள்ளாது. உருகிய சீஸ் மேலும் கீழும் இரண்டு டோர்ட்டியாக்களையும் தொட்டுப் பிடித்தால் ஆறு துண்டாக வெட்டினாலும் கலையாது. அதைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று உள்ளே மாட்டிக்கொள்ளும் தண்ணீர், மற்றது அவசரப்பட்டுக் கூட்டிய தீ.

பெயரை முதலில் முடித்துவிடலாம். ஒரே டோர்ட்டியாவை மடித்து நடுவே சீஸ் வைத்தால் கெசடீயா. இரண்டு முழு டோர்ட்டியா, நடுவில் ஹாமும் சீஸும் என்றால் மெக்சிகோவில் அதைச் சின்க்ரோனிசாதா என்பார்கள். நீங்கள் செய்தது அதுதான். ஹாமுக்குப் பதில் அல் பாஸ்தோர் இறைச்சி, அதாவது மசாலாவில் ஊறவைத்துக் கம்பியில் செருகிச் சுட்ட பன்றி இறைச்சி வைத்து கோதுமை டோர்ட்டியாவில் செய்தால் கிரிங்கா. சிறிய சோள டோர்ட்டியா இரண்டுக்கு நடுவே இறைச்சியும் சீஸும் வைத்தால் முலீதா. இந்த எல்லைகள் கல்வெட்டு அல்ல. கடைக்குக் கடை மாறும், அமெரிக்காவுக்குப் போனால் எல்லாமே கெசடீயா ஆகிவிடும். மெக்சிகோ நகரத்தில் கெசடீயா என்று கேட்டால் சீஸே இல்லாமலும் வரும், சீஸ் வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும். இதை வைத்து அந்நாட்டினரே ஓயாமல் சண்டை போடுகிறார்கள். நாம் அதற்குள் போக வேண்டாம். ஹாம் வைத்த சின்க்ரோனிசாதா கோதுமை டோர்ட்டியாவில் செய்வதுதான் வழக்கம் என்பது வரை நிச்சயமாகச் சொல்லலாம்.

அளவுக்கு வருவோம். கீழே சொல்வதெல்லாம் 20 செ.மீ. அகலமுள்ள கோதுமை டோர்ட்டியாவுக்கு. இரண்டு பேருக்கு நான்கு டோர்ட்டியா, 150 கிராம் சீஸ், 80 முதல் 100 கிராம் ஹாம். அதாவது ஒரு ஜோடிக்கு 75 கிராம் சீஸ், 40 முதல் 50 கிராம் ஹாம். பார்த்தால் சீஸ் கூடுதலாகத் தோன்றும், குறைக்கக் கை வரும். குறைக்காதீர்கள்; 50 கிராமுக்குக் கீழே போனால் ஒட்டுவதற்குப் போதாது. ஹாமை 50 கிராமுக்கு மேல் கூட்டினால் அது சீஸுக்கு நடுவே சுவர் எழுப்பிவிடும்.

அடுக்கும் வரிசையில்தான் பலரும் தவறுகிறார்கள். டோர்ட்டியா, அதன்மேல் ஹாம், அதன்மேல் சீஸ், மறுபடி டோர்ட்டியா என்று அடுக்கினால் சீஸ் மேல் டோர்ட்டியாவை மட்டும் பிடிக்கும். கீழே இருப்பது ஹாமோடு உரசிக்கொண்டு சும்மா கிடக்கும், திருப்பும்போதே நழுவும். சரியான வரிசை: டோர்ட்டியா, பாதி சீஸ், ஹாம், மீதிப் பாதி சீஸ், டோர்ட்டியா. ஹாம் எப்போதும் இரண்டு சீஸ் அடுக்குக்கு நடுவில் இருக்க வேண்டும். இன்னொன்று, ஹாமை வட்டமாக முழுத் துண்டாக வைக்காதீர்கள். முழுத் துண்டு வைத்தால் முதல் கடியிலேயே பல்லில் மாட்டி மொத்த ஹாமும் உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும், கையில் மிஞ்சுவது சீஸ் தடவிய டோர்ட்டியா. ஒன்றரை செ.மீ. சதுரங்களாகவோ விரல் அகலப் பட்டைகளாகவோ வெட்டி இடைவெளி விட்டுப் பரப்புங்கள். அந்த இடைவெளி வழியாக மேல் சீஸும் கீழ் சீஸும் ஒன்றையொன்று தொடும். ஓரத்தில் ஒரு செ.மீ. காலியாக விட்டால் உருகிப் பரவும் சீஸ் அங்கே வந்து நிற்கும்.

இனி தீ. சீஸில் இருக்கும் கொழுப்பு உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே இளகத் தொடங்கும். மெக்சிகோவின் ஓவாஹாக்கா சீஸ், மொஸரெல்லா போன்றவை நன்றாக உருகி ஓட 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் போதும். ஆனால் டோர்ட்டியாவின் வெளிப்புறம் பொன்னிறமாகச் சிவக்க 140, 150 டிகிரியாவது வேண்டும். வெளியே 150, உள்ளே 65: இந்த இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும், சமையல் முழுக்க அதில்தான் இருக்கிறது. டோர்ட்டியா வெப்பத்தைச் சுலபமாக உள்ளே விடாது. கல் 220 டிகிரியில் இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் வெளியே கருகிவிடும், அதற்குள் உள்ளே சூடு போய்ச் சேர்ந்திருக்காது. கல் 160 முதல் 180 டிகிரிக்குள் இருந்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் அவகாசம் கிடைக்கும், அதற்குள் சீஸ் உருகிவிடும். சீஸைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து உடனே வைப்பதும் இதே கோளாறைத் தரும். 4 டிகிரியில் இருக்கும் சீஸுக்கு அந்த இரண்டு நிமிடம் பற்றாது. துருவிய பின் 15, 20 நிமிடம் வெளியே இருக்கட்டும்.

வெப்பமானி இல்லாதவர்கள் தண்ணீர்த் துளியால் பார்க்கலாம். கல்லில் ஒரு துளி விட்டால் சுர்ரென்று பரவி இரண்டு மூன்று நொடியில் வற்ற வேண்டும். துளி அசையாமல் மெல்லக் கொப்பளித்தால் சூடு போதவில்லை. முத்தாகத் திரண்டு கல் முழுக்க ஓடினால் சூடு 190, 200 டிகிரியைத் தாண்டிவிட்டது; அடுப்பிலிருந்து கல்லைத் தள்ளி வைத்து அரை நிமிடம் ஆறவிடுங்கள். கனமான இரும்புக் கல்லை மிதமான தீயில் நான்கைந்து நிமிடம் காயவைக்க வேண்டும். மெல்லிய நான்ஸ்டிக்குக்கு ஒன்றரை நிமிடம் போதும். மெக்சிகோவில் இதற்குப் பயன்படுத்துவது கோமால் என்னும் தட்டையான கல். தோசைக்கல் இருந்தால் அதற்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

செய்முறை இப்படி. முதலில் இரண்டு டோர்ட்டியாக்களையும் வெறும் கல்லில் பக்கத்துக்கு 15, 20 நொடி சூடாக்கி எடுங்கள். இது சிவக்க வைப்பதற்கல்ல. மேலுள்ள ஈரம் போகவும், டோர்ட்டியா வளையவும், சீஸுக்கு இரு பக்கமும் சூடான பரப்பு கிடைக்கவும்தான். ஒன்றைத் திரும்பக் கல்லில் போட்டு, பாதி சீஸ், ஹாம், மீதி சீஸ் தூவி, மற்றதால் மூடி, தட்டையான கரண்டியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக அழுத்துங்கள். ஒரு நிமிடம் மட்டும் மூடி போடலாம். மூடிக்குள் அடைபடும் சூடு மேலிருந்து சீஸை இளக்கும். அதற்கு மேல் வைத்தால் நீராவி டோர்ட்டியாவில் படிந்து அது நமத்துவிடும். மூடியை எடுத்து இன்னும் ஒரு நிமிடம் விட்டு, ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். அடியில் அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுந்து, மேல் டோர்ட்டியாவை லேசாக இழுத்தால் சீஸ் நூலாக நீண்டு வந்தால் திருப்பலாம். நூல் வரவில்லை என்றால் சீஸ் இன்னும் பிடிக்கவில்லை. அடி சிவந்துவிட்டதே என்று அப்போது திருப்பினால் உள்ளிருப்பது எல்லாம் சிந்தும். தீயைக் குறைத்துவிட்டு அரை நிமிடம் பொறுங்கள். மறுபக்கம் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் போதும், கல் ஏற்கெனவே காய்ந்திருக்கிறது. இந்த நேரங்கள் கல்லின் கனத்துக்கும் பர்னரின் அளவுக்கும் தகுந்தபடி அரை நிமிடம் முன்பின் ஆகும், ஆகையால் கடிகாரத்தைவிட அந்தச் சீஸ் நூலை நம்புவது மேல்.

திருப்பப் பயமாக இருந்தால் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துக் கல்லோடு சேர்த்துப் புரட்டி, தட்டிலிருந்து மறுபடி கல்லுக்குச் சரித்துவிடலாம். கனமான இரும்புக் கல்லில் இந்த வித்தை வேண்டாம், மணிக்கட்டு தாங்காது. அங்கே அகலமான கரண்டி ஒன்றும் மேலே விரல் நுனிகளும் போதும்.

எண்ணெயா, வெண்ணெயா, எதுவும் இல்லாமலா என்பது சுவை சார்ந்தது. இதுதான் சரி என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. கோதுமை டோர்ட்டியா மாவிலேயே பன்றிக்கொழுப்போ தாவரக் கொழுப்போ சேர்ந்திருப்பதால் வெறும் கல்லிலேயே நன்றாகச் சிவக்கும், ஒட்டாது. நான் தேர்ந்தெடுப்பது அதைத்தான். மொறுமொறுப்புக் கூடுதலாக வேண்டுமென்றால் அரைத் தேக்கரண்டி வெண்ணெயைக் கல்லில் விடாமல் டோர்ட்டியாவின் வெளிப்புறத்தில் மெல்லத் தடவுங்கள். கல்லில் விட்டால் குளமாகத் தேங்கிய இடத்தில் வெண்ணெயில் உள்ள பால்பொருள் கருகிக் கசக்கும், மற்ற இடம் காய்ந்து கிடக்கும்.

எடுத்ததும் வெட்டாதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் கம்பித் தட்டில் வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சீஸ் அந்த நேரத்தில் சற்று இறுகி இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். சமதளமான தட்டில் வைத்தால் அடியிலிருந்து வரும் ஆவி போக வழியின்றி, பாடுபட்டு வரவழைத்த மொறுமொறுப்பு போய்விடும். பிறகு நான்காகவோ ஆறாகவோ வெட்டலாம். கத்தியை முன்பின் இழுத்து அறுக்கக் கூடாது. இழுத்தால் மேல் டோர்ட்டியா நகரும். பெரிய கத்தியை மேலிருந்து நேராக அழுத்துங்கள், அல்லது பீட்சா சக்கரம். சமையலறைக் கத்தரிக்கோலும் அழகாக வெட்டும்.

சீஸ் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மெக்சிகோ சீஸ் என்று எழுதியிருப்பதெல்லாம் உருகாது. கேசோ ஃப்ரெஸ்கோ, பனேலா, கொத்தீஹா ஆகிய மூன்றையும் சூட்டில் வைத்தால் மென்மையாகும் அல்லது உதிரும், ஓடாது. முதல் இரண்டுக்கும் காரணம் புளிப்பில் இருக்கிறது. பால் திரிந்த பிறகு புளிப்பு ஏற ஏற, புரதத்தை இறுக்கிப் பிணைத்திருக்கும் கால்சியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 5.2-ஐ ஒட்டி இறங்கி வந்தால் அந்தப் பிணைப்பு போதுமான அளவு தளர்ந்து, சூடுபட்டதும் புரதம் வழுக்கிக்கொண்டு நீளும். மொஸரெல்லாவும் ஓவாஹாக்கா சீஸும் இந்தப் பக்குவத்தில் வெந்நீரில் இழுத்துச் செய்பவை. பனேலாவும் ஃப்ரெஸ்கோவும் அந்தப் புளிப்புக்கு வருவதற்கு முன்பே அச்சில் போய்விடுகின்றன. அவற்றை மேலே உதிர்த்துக்கொள்ள வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே வைக்க அல்ல.

உள்ளே வைக்க முதல் தேர்வு ஓவாஹாக்கா சீஸ், அந்த மாநிலத்துக்காரர்கள் கெசீயோ என்பார்கள். நூல்பந்து போலச் சுற்றி விற்பார்கள். இதைத் துருவாதீர்கள், சுற்றைப் பிரித்து, நாரை விரலால் மெல்லிய இழைகளாகக் கிழித்துப் போட்டால் சீராக உருகும். அடுத்தது சிவாவா சீஸ். 1922-ல் கனடாவிலிருந்து வந்து வட மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் குடியேறிய மென்னோனைட்டுகளின் கைவண்ணம் என்பதால் அதற்கு மெனோனீத்தா என்றும் பெயர். செடார் சாயல், மென்மையான சுவை, நன்றாக உருகும். அசாதேரோவும் பரவாயில்லை. மெக்சிகோவில் மஞ்சேகோ என்று விற்பதும் இதற்கு ஏற்றது, அது பசும்பாலில் செய்து உருகும் வகை. ஸ்பெயினின் மஞ்சேகோ செம்மறியாட்டுப் பாலில் செய்து முற்றவைத்தது. அதை வாங்கிவந்து ஏமாறாதீர்கள். இவை எதுவும் கிடைக்காவிட்டால், ஈரம் குறைந்த கட்டி மொஸரெல்லா மூன்று பங்கும், முற்றாத செடார் அல்லது மான்டரே ஜாக் ஒரு பங்கும் கலந்துகொள்ளலாம். மொஸரெல்லா இழுவைக்கு, செடார் சுவைக்கு. மொஸரெல்லா மட்டும் போட்டால் நூல் வரும், ருசி சப்பென்று இருக்கும்.

தவிர்க்க வேண்டியவை: உப்புநீரில் மிதக்கும் வெள்ளை மொஸரெல்லா உருண்டை, ஏனென்றால் அதிலுள்ள தண்ணீர் முழுவதும் டோர்ட்டியாவில் இறங்கும். பல மாதம் முற்றிய செடாரும் வேண்டாம். அதில் புரதம் சிதைந்திருப்பதால் சூட்டில் கொழுப்பைப் பிடித்து வைக்க முடியாமல் எண்ணெய் தனியே பிரிந்து வழியும். துருவிப் பைகளில் வரும் சீஸில் ஒட்டாமலிருக்க மாவுச்சத்தோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள், அதனால் உருகினாலும் சற்றுத் திப்பித்திப்பியாக இருக்கும். வேறு வழியில்லை என்றால் பயன்படுத்தலாம், குடி முழுகாது. பதப்படுத்திய சீஸ் ஸ்லைஸ் எல்லாவற்றையும்விட வழவழப்பாக உருகும். ஆனால் நூல் வராது, சுவையும் உப்பும் பாலுமாக நின்றுவிடும். அவசரத்துக்கு ஒரு ஸ்லைஸை மொஸரெல்லாவோடு சேர்த்துப் போட்டால் ஒட்டுவதற்கு நன்றாக உதவும்.

ஹாமில் கவனிக்க வேண்டியது தண்ணீர். வேகவைத்த ஹாம்தான் இதற்கு, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் கனத்தில். செர்ரானோ ஹாம் போல உலரவைத்தவை சூட்டில் தோலாகிவிடும், உப்பும் அதிகம். பன்றி சாப்பிடாதவர்கள் வான்கோழி ஹாம் வைக்கலாம். மெக்சிகோவிலேயே அது சகஜம். அந்நாட்டின் அரசுத் தரநிர்ணயமான நோம்-158, கொழுப்பு நீங்கலான புரதத்தின் அளவை வைத்து ஹாமை ஐந்து தரமாகப் பிரிக்கிறது. எக்ஸ்ட்ராஃபீனோவில் குறைந்தது 18 சதவீதம், அங்கிருந்து ஃபீனோ, ப்ரெஃபெரெந்தே, கொமெர்சியால் என்று இறங்கி எகோனோமிகோவில் 10 சதவீதம். தரம் இறங்க இறங்க புரதத்தின் இடத்தில் பெரும்பாலும் தண்ணீரும் மாவுப்பொருளும் வந்து உட்காருகின்றன, சூடுபட்டதும் அந்தத் தண்ணீர்தான் உள்ளே கசிகிறது. வேறு எந்த நாட்டுப் பொட்டலமானாலும் பின்பக்கம் புரத அளவைப் பார்த்தால் இதே ஊகம் செய்யலாம். கையிலிருப்பது ஈரமான ஹாம் என்றால் காகிதத் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, வெறும் கல்லில் பக்கத்துக்கு 20, 30 நொடி வாட்டுங்கள். தண்ணீர் வற்றும், ஓரம் சிவக்கும், ருசியும் ஏறும். நேரம் இருந்தால் நல்ல ஹாமையும் இப்படி வாட்டுவது நல்லது.

ஒரு எச்சரிக்கையும் இங்கே சேர்க்க வேண்டும். சீஸ் உருகிவிட்டது என்றால் உள்ளே 65 டிகிரி வந்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் லிஸ்டீரியா கிருமிக்காக, பொட்டல ஹாமை 74 டிகிரிக்கு, அதாவது ஆவி பறக்கும் வரை சூடாக்கித்தான் சாப்பிட வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. அவர்களுக்குச் செய்யும்போது ஹாமைத் தனியாக நன்றாக வாட்டிக்கொள்ளுங்கள், சின்க்ரோனிசாதாவுக்குள் கிடைக்கும் சூட்டை நம்ப வேண்டாம். பிரித்த ஹாம் பொட்டலம் குளிர்பெட்டியில் மூன்று முதல் ஐந்து நாள் வரைதான்.

கடை டோர்ட்டியா போதுமா, வீட்டில் செய்வதா? அவசரச் சிற்றுண்டிக்குக் கடை டோர்ட்டியா தாராளம். ஆனால் நாள்பட்டு விளிம்பு விறைத்திருந்தால் கல்லில் போடுமுன் ஈரக் கையால் ஒரு முறை தடவிக்கொள்ளுங்கள். வீட்டில் செய்வதென்றால் 250 கிராம் மைதா, 55 கிராம் பன்றிக்கொழுப்பு அல்லது தாவரக் கொழுப்பு, முக்கால் தேக்கரண்டி உப்பு, கை பொறுக்கும் சூட்டில் 125 மி.லி. தண்ணீர். கொழுப்பை முதலில் மாவோடு விரலால் தேய்த்துக் கலக்க வேண்டும். பிறகு தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் பிசைந்து எட்டு உருண்டையாக்கி, மூடி அரை மணி நேரம் விடுங்கள். இந்த ஓய்வைக் குறைத்தால் தேய்க்கத் தேய்க்க மாவு ரப்பராகச் சுருங்கும், 20 செ.மீ. அகலம் வரவே வராது. நல்ல சூடான கல்லில் பக்கத்துக்கு 30, 40 நொடி. எடுத்ததும் துணியில் அடுக்கி மூடிவிட வேண்டும், திறந்து வைத்தால் அப்பளம்தான். பேக்கிங் பவுடர் சேர்ப்பவர்கள் உண்டு. வட மெக்சிகோவின் சோனோரா மாநிலத்துப் பாணி மெல்லிய டோர்ட்டியாவில் அது கிடையாது, இதற்கும் தேவையில்லை. சோள டோர்ட்டியாவில் செய்யக் கூடாது என்றில்லை. அது சிறியது, க்ளூட்டன் இல்லாதது, குளிர்ந்திருந்தால் உடையும். நன்றாகச் சூடாக்கிய பிறகு தொடுங்கள், சீஸைப் பாதியாக்குங்கள்.

கூடுதலாக உள்ளே என்ன வைக்கலாம் என்பதற்கு ஒரே விதி: ஈரமாக இருந்தால் வெளியே. ராஜ்மா போன்ற பீன்ஸ் பயறை வேகவைத்துக் கெட்டியாக வதக்கி மசித்து, அதில் ஒரு மேசைக்கரண்டியைக் கீழ் டோர்ட்டியாவில் மெல்லத் தடவலாம். அதுவும் ஒட்டுவதற்கு உதவும். கரண்டியைக் கவிழ்த்தால் விழாத கெட்டி இருக்க வேண்டும். வினிகரில் ஊறிய ஹலபேன்யோ மிளகாயை ஒற்றி எடுத்து நான்கைந்து வளையம் போடலாம். அதோபோ என்னும் புளிப்பான மிளகாய்ச் சாற்றில் ஊறிய சிப்போட்லே மிளகாயை (புகையில் உலர்த்திய ஹலபேன்யோ) மசித்து ஒரு தேக்கரண்டி தடவினால் ஹாமின் லேசான இனிப்புக்கு அது பிரமாதமாகப் பொருந்தும், காரம் தாங்குபவர்கள் கட்டாயம் செய்து பாருங்கள். வேகாத தக்காளித் துண்டு, வெங்காயம், அவகாடோ, சல்சா எதுவும் உள்ளே போகக் கூடாது. அவை பக்கத்தில் இருக்க வேண்டியவை. பீக்கோ தே காயோ என்னும் வேகவைக்காத தக்காளிச் சல்சாவுக்கு இரண்டு தக்காளியை விதைப்பகுதி நீக்கிப் பொடியாக நறுக்கி, சிறிய அளவுள்ள பெரிய வெங்காயத்தில் பாதி, ஒரு செர்ரானோ மிளகாய், ஒரு கைப்பிடிக் கொத்தமல்லி, அரை எலுமிச்சையின் சாறு. ஹாமிலும் சீஸிலும் உப்பு இருப்பதால் இதில் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், அதுவும் பரிமாறும் சமயத்தில்தான். முன்பே போட்டால் தக்காளி தண்ணீர் விட்டுவிடும். பச்சை சல்சா வேண்டுமென்றால் 250 கிராம் தோமதீயோவை (தோல் உறைக்குள் வளரும், தக்காளி போன்ற புளிப்புப் பச்சைக் காய்) இரண்டு மிளகாயோடு, பளிச்சென்ற பச்சை மங்கும் வரை எட்டுப் பத்து நிமிடம் வேகவிட்டு, ஒரு பல் பூண்டு, கொஞ்சம் வெங்காயம், கொத்தமல்லி சேர்த்து அரையுங்கள்.

ஓரத்தில் வழிந்த சீஸ் கல்லில் ஒட்டிக் கருகுகிறதே என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பழுப்பாக இருக்கும்போதே கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டால் அது கழிவல்ல. இந்த மொறுமொறுச் சீஸுக்கு கோஸ்த்ரா என்று பெயர், மெக்சிகோ நகரத்து டாக்கோக் கடைகளில் வேண்டுமென்றே இப்படிச் சுட்டு அதில் இறைச்சியைச் சுருட்டித் தருகிறார்கள். கருத்துவிட்டால் மட்டும் அடுத்ததைப் போடுமுன் துடைத்துவிடுங்கள், கசப்பு ஏறும். அதேபோல் இரண்டாவது ஜோடி முதலாவதைவிடச் சீக்கிரம் கருகினால் உங்கள் கை கோளாறு இல்லை. கல் தொடர்ந்து சூடேறிக்கொண்டே போகிறது. ஒவ்வொன்றுக்கும் நடுவே தீயை ஒரு படி இறக்குங்கள்.

ஐந்தாறு பேருக்கு மொத்தமாகச் செய்ய வேண்டுமென்றால் கல்லை விட்டுவிட்டு பேக்கிங் அவன் (oven) அடுப்புக்குப் போங்கள். தட்டை உள்ளேயே வைத்து 220 டிகிரிக்குச் சூடாக்கி, அடுக்கிய ஜோடிகளை அதன்மேல் வைத்து நான்கைந்து நிமிடத்தில் திருப்பி, மொத்தம் எட்டுப் பத்து நிமிடத்தில் எடுக்கலாம். சாண்ட்விச் பிரஸ் இருந்தால் திருப்பும் தொல்லையே இல்லை, மூன்று நிமிடம் போதும். ஆனால் மூடியை அழுத்தாதீர்கள், சீஸ் பக்கவாட்டில் பிதுங்கும். ஏர்ஃப்ரையரில் காற்று மேல் டோர்ட்டியாவைத் தூக்கிவிடும், நடுவில் ஒரு பல்குத்தி செருகி 180 டிகிரியில் ஐந்து நிமிடம். மைக்ரோவேவில் 40 நொடியில் சீஸ் உருகும், டோர்ட்டியா தோலாகும். அங்கே 20 நொடி மட்டும் சூடாக்கி மீதியைக் கல்லில் முடித்தால் ஓரளவு தேறும். முன்கூட்டியே அடுக்கி வைப்பதானால் ஹாமை வாட்டிய பிறகு அடுக்கி, இறுக்கமாக மூடிக் குளிர்பெட்டியில் நான்கைந்து மணி நேரம் வரை வைக்கலாம். இரவு முழுக்க வைத்தால் கீழ் டோர்ட்டியா ஈரம் இழுத்துவிடும், அதைக் கல்லில் எவ்வளவு நேரம் வைத்தாலும் மொறுமொறுப்பு வராது.